பழைய போலீஸ் நாவலை இன்று படிப்பது எப்படி? 1956-ன் ஒரு புத்தகத்தை வைத்துக் கடலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் ஆறு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய நாவல்களைப் படிக்கிறோம். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். எல்லோரும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவோம். போன கோடையில் நாங்கள் எடுத்துக்கொண்டது எட் மெக்பெய்ன் எழுதிய ‘காப் ஹேட்டர்’. 1956-ல் வந்த அமெரிக்க நாவல். ஒரே காவல் நிலையத்துத் துப்பறிவாளர்களை யாரோ ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக் கொல்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் கொலையாளியைத் தேடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, “அந்தக் காலம் அப்படி, விடுங்க” என்றது. இன்னொரு கட்சி, பெண்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தது. இரண்டுமே படிப்பைப் பாதியில் நிறுத்துகிற வழிகள் என்று எனக்குப் பட்டது. காலாவதியாகிப்போன பக்கங்களில்தான் நாம் அதிக நேரம் நிற்க வேண்டும். அதுவும் நம் ஊர்க் காவல் நிலையங்களின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தட்டித் தடவி நாங்கள் ஒரு முறையைக் கண்டுபிடித்தோம். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: சரியான புத்தகத்தைப் பிடிப்பது

துப்பறியும் கதை எல்லாமே போலீஸ் நாவல் ஆகிவிடாது. ஒரு மேதை வந்து, சாம்பலை முகர்ந்து பார்த்து, கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவது வேறு வகை. போலீஸ் நாவலில் மேதை கிடையாது. சம்பளம் வாங்குகிற ஆட்கள், ஷிப்டு, படிவம், காத்திருப்பு, வாசல் வாசலாகப் போய்க் கேட்பது, இவைதான் கதை. இந்த வகையின் ஆரம்பம் என்று பலரும் சொல்வது லாரன்ஸ் ட்ரீட் 1945-ல் எழுதிய ஒரு நாவலை. 1949-ல் அமெரிக்க வானொலியில் ‘டிராக்னெட்’ தொடர் வந்த பிறகு இந்தப் பாணி வீட்டுக்கு வீடு பரவியது. மெக்பெய்ன் அதற்குப் பின்னால் வந்தவர். எண்பத்தேழாவது சரகம் என்ற ஒரே காவல் நிலையத்தை வைத்து அவர் எழுதிய கதைகள் 1956-ல் ‘காப் ஹேட்டர்’ நாவலோடு தொடங்கி, அவர் இறந்த 2005 வரை ஐம்பதுக்கும் மேல் வந்தன.

ஏன் இந்த வகையையே எடுக்கச் சொல்கிறேன்? மேதைக் கதையில் காவல் நிலையம் வெறும் பின்னணி, போலீஸ் நாவலில் அதுதான் வீடு. அந்த வீட்டில் எதை வழக்கமாகச் செய்தார்கள், எதற்கு வெட்கப்படாமல் இருந்தார்கள் என்பதெல்லாம் எழுதியவர் நினைக்காமலே பதிவாகியிருக்கும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பேப்பர்பேக் புத்தகங்களைக் கிளறிப் பாருங்கள். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிரதி கைக்கு வந்ததும் முதலில் காப்புரிமைப் பக்கத்தைத் திறந்து முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்பின் ஆண்டை நம்பி மோசம் போகாதீர்கள். பிற்காலப் பதிப்புகளில் ஆசிரியரின் முன்னுரை இருந்தால் அதைக் கடைசியில் படிக்க வைத்துக்கொள்ளுங்கள். வயதான ஆசிரியர் இளம் வயதுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வது சுவாரசியமாக இருக்கும். ஆனால் முதலில் படித்தால் அவர் கண்ணாலேயே நாமும் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

படி 2: பென்சில் இல்லாமல் ஒரு தடவை

முதல் வாசிப்பில் எதையும் குறிக்காதீர்கள். 1956-ல் ரயில் நிலையக் கடையில் வாங்கியவர் எப்படிப் படித்திருப்பாரோ அப்படி, இரண்டு மூன்று உட்காரலில் முடித்துவிடுங்கள். சின்னப் புத்தகம்தான். கத்திரி வெயிலில் படித்தால் இன்னும் நல்லது. இந்த நாவல் முழுக்க ஜூலை மாதத்து வெக்கை. சட்டை முதுகோடு ஒட்டுவது, தூக்கம் வராமல் புரள்வது, எரிச்சலில் வார்த்தை தடிப்பது என்று எல்லாம் வெயிலோடுதான் நடக்கும். மே மாத மத்தியானம் மின்சாரம் போன வீட்டில் அந்தப் பக்கங்களைப் படித்த எனக்கு அமெரிக்கா ரொம்ப தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏட்டையாவும் அப்படித்தான் படித்தார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து உதவினான். முடித்துவிட்டு வந்து, “இதுல பூரா கால் வேலைதான் தம்பி. படி ஏறுறான், கதவைத் தட்டுறான், ஒண்ணும் கிடைக்கல, இறங்கி வர்றான். அது நிஜம்” என்றார். முதல் வாசிப்பில் உங்களுக்கும் இப்படி ஒரு வரி கிடைத்தால் போதும். புத்தகம் எதில் உயிரோடிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எதில் செத்துப்போனது என்று தேட வேண்டும்.

படி 3: தேதி அட்டை

ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டை எடுங்கள். இடது பக்கம் கதை நடக்கும் ஊரின் தேதிகள், வலது பக்கம் நம் ஊரின் தேதிகள். இதுவே புத்தகக் குறி ஆகட்டும். எங்கள் அட்டையில் இடது பக்கம் இருந்தவை: 1954, பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1955 டிசம்பர், நிறப் பாகுபாட்டை எதிர்த்து மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடக்கம், 1966, கைதானவருக்கு அவர் உரிமையைச் சொல்ல வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு.

வலது பக்கம் எழுதும்போதுதான் விவாதம் சூடு பிடித்தது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதாவது இந்த நாவல் வந்த 1956-ல் புதுச்சேரி இரண்டும் கெட்டான் நிலையில் இருந்தது. கடலூர் அப்போது சென்னை மாநிலத்துத் தென்னாற்காடு மாவட்டம். 1948 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கதாநாயகன் ஸ்டீவ் கரெல்லா ஒரு பத்திரிகைக்காரனோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுகிற காட்சி நாவலில் முக்கியமானது. அதே வருஷம் கடலூரில் ஒரு போலீஸ்காரர் அப்படி உட்கார்ந்திருந்தால் அதுவே வழக்கு. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வடக்கே போனால் வழக்கில்லை.

பாரதியையும் அட்டையில் சேர்த்தோம். 1908 முதல் பத்து வருஷம் அவர் புதுச்சேரியில் இருந்தபோது பிரிட்டிஷ் உளவுக்காரர்கள் விடாமல் கண்காணித்தார்கள். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறைக்கு வந்தார். போலீஸ் கதை நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை என்பதற்காக அந்த வரி.

படி 4: விசாரணைக் காட்சிகள்

இப்போது பென்சிலை எடுங்கள். மொத்தப் படிப்பில் பாதி நேரத்தை இந்தப் படிக்கே கொடுங்கள்.

முதலில் ஒரு மொழிபெயர்ப்புக் கண்ணி. நாவலில் ‘லைன்-அப்’ என்று ஒன்று வருகிறது. நம் ஊர் அடையாள அணிவகுப்பு என்று எடுத்துக்கொண்டால் காட்சியே புரியாது. நம் அணிவகுப்பில் சாட்சி வந்து ஆளை அடையாளம் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட் முன்னால் நடக்கும். அங்கே அன்று நடந்தது வேறு. முந்தின நாள் கைதானவர்களை ஒவ்வொருவராக மேடையேற்றி, வெளிச்சத்தில் நிறுத்தி, மேலதிகாரி கேள்வி கேட்பார். இருட்டில் உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளர்கள் முகங்களை மனத்தில் பதித்துக்கொள்வார்கள். இன்றைய கண்ணுக்கு அது ஒரு பொம்மலாட்டம் மாதிரி இருக்கிறது. மேடையில் நிற்பவனுக்காகப் பேச யாரும் இல்லை.

அடுத்து, எது இல்லை என்று பாருங்கள். தொலைக்காட்சியில் அமெரிக்க போலீஸைப் பார்த்துப் பழகியவர்கள், கைது என்றதும் ‘நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்ற அறிவிப்பை எதிர்பார்ப்பார்கள். அது 1966 மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு வந்தது. 1956 நாவலில் அது இல்லாதது எழுத்தாளரின் கவனக்குறைவு அல்ல. அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1936-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அறைக்குள் நுழையும் முன்பே உரிமையைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இன்னும் 30 வருஷம் ஆனது. அந்த 30 வருஷ இடைவெளியில்தான் இந்த நாவல் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு கேள்விக்கும் எடை கூடுகிறது.

இப்போது நம் பக்கம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 23-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த வகையில் நம் சட்டம் அமெரிக்காவைவிடக் கறாரானது. ஆனால் பழைய 27-ஆம் பிரிவு ஒரு சந்து விட்டிருக்கிறது. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், சொன்னதில் அந்த அளவு செல்லும். புதைத்த நகையைக் காட்டு, கத்தியைக் காட்டு என்று நெருக்குவதற்கு அந்தச் சந்தே போதும். அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தச் சொல்கிறது. நான் இதை உற்சாகமாகச் சொன்னபோது ஏட்டையா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கைதுன்னு பேப்பர்ல எப்ப எழுதுறாங்களோ, அந்த 24 மணி நேரம் அப்பத்தான் ஓட ஆரம்பிக்கும் தம்பி” என்றார். அன்று கூட்டத்தில் அதற்கு மேல் யாருக்கும் பேச்சு வரவில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1993 மார்ச்சில், இது இன்னும் தென்னாற்காடாக இருந்தபோது, விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை கிராமத்துக்காரர் ஒருவரைத் திருட்டு வழக்கில் விசாரணைக்கு வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு இந்த வழக்குதான் அடிப்படை. இது நடந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, துப்பறிவாளர் ஒரு சந்தேக நபரின் சட்டையைப் பிடித்து உலுக்குவதை வெறும் விறுவிறுப்பாக என்னால் படிக்க முடியாது. படிக்கவும் கூடாது என்பேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு விசாரணைக் காட்சிக்கும் ஓரத்தில் நான்கு கேள்விகளை எழுதுங்கள். எத்தனை மணி நேரமாக வைத்திருக்கிறார்கள்? அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குச் சொன்னார்களா? கை ஓங்கியதற்குக் கதை என்ன காரணம் சொல்கிறது? இதில் மூன்றாவது கேள்வி டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பிலிருந்து எடுத்தது. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று நம் உச்ச நீதிமன்றம் அதில் வரிசையாக விதித்தது. நான்காவது கேள்விதான் நாவலுக்கே உரியது. அடி வாங்குபவன் முந்தின பக்கத்தில் அருவருப்பானவனாகக் காட்டப்பட்டிருப்பான். நம்மை அடிக்குத் தயார்ப்படுத்தும் வேலை அது. அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

எங்கள் பிரதியில் ஏட்டையா இன்னொரு கேள்வியைத் தன் நீல மையில் எழுதியிருக்கிறார்: ‘தண்ணி குடுத்தாங்களா?’

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் சிமெனோன் பிரெஞ்சில் எழுதிய, மெக்ரே என்ற போலீஸ் அதிகாரியின் கதைகளையும் இதே கேள்விகளோடு படிக்கச் சொல்லுங்கள். மெக்ரே அடிக்க மாட்டார். பைப் புகைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச்சும் பீரும் வரவழைத்து, விடிய விடியப் பேசியே ஆளைக் கரைப்பார். கனிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையிலும் வக்கீல் இல்லை. போலீஸ் காவலின் ஆரம்பத்திலிருந்தே வக்கீல் கூட இருக்கலாம் என்பது பிரான்சில் 2011-ல்தான் வந்தது. கனிவு இருக்கிற இடத்தில் உரிமையை மறந்துவிடுகிறோம் என்பதை எனக்குக் காட்டியவர் மெக்ரேதான்.

படி 5: ஆட்களைச் சொல்லும் சொற்கள்

நாவலில் கொலையாகும் துப்பறிவாளர்களில் ஃபாஸ்டர் கறுப்பினத்தவர். அவரைக் குறிக்க வரும் சொற்களை இன்று யாரும் எழுத மாட்டார்கள். அவற்றில் சில அன்றைக்கு மரியாதையான சொற்களாகவே இருந்தவை. இங்கேதான் தேதி அட்டை உதவும். சொல்லைக் கோடிட்டு, சொல்பவர் யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். கதைசொல்லியா, பாத்திரமா? பாத்திரம் என்றால் கதை அவரைக் கண்டிக்கிறதா, கூடவே சிரிக்கிறதா? சொல் பழசாக இருந்தும் பார்வை நேராக இருக்கலாம். சொல் சுத்தமாக இருந்து பார்வை கோணலாகவும் இருக்கலாம்.

நம் சொற்களையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நாம் செல்லமாகவே சொல்லும் ‘கேடி’ போலீஸ் பதிவேட்டிலிருந்து இறங்கி வந்த சொல். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டு 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் நாடு முழுக்க ஒழிந்தது. ஆனால் முதனையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் குறவர் சமூகத்தவர். அந்தச் சட்டம் பட்டியலில் வைத்திருந்த சமூகங்களில் அதுவும் ஒன்று. சட்டம் போய் 41 வருஷம் கழித்தும் திருட்டு என்றதும் அந்தத் தெருவுக்குத்தான் ஜீப் போனது. பழைய தமிழ்த் துப்பறியும் கதைகளில் சாதிப் பெயரைச் சொல்லித் திருடனை அறிமுகப்படுத்தும் வரிகளையும் இதே பென்சிலால் குறியுங்கள்.

படி 6: பெண்கள்

நாவலில் கரெல்லாவின் காதலி டெடி, காது கேளாத, பேச இயலாத பெண். உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்வாள். 1956-ல் ஒரு போலீஸ் கதையில் இப்படி ஒரு பெண்ணைப் பரிதாபத்துக்கு இல்லாமல் காதலுக்காகக் கொண்டுவந்தது துணிச்சல்தான். ஆனால் அவள் வரும் இடமெல்லாம் கதை முதலில் அவள் அழகைத்தான் சொல்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது அதற்கு அப்புறம்தான். எங்கள் குழுவில் பள்ளி ஆசிரியையாக இருந்த அக்கா ஒரு வேலை கொடுத்தார். டெடி வரும் பக்கங்களில் அவளைப் பற்றிய வாக்கியங்களை இரண்டாகப் பிரி: அவள் செய்வது, அவளைப் பார்ப்பது. பிரித்துப் பார்த்தால் இரண்டாவது பட்டியல்தான் நீளம். மற்றப் பெண் பாத்திரங்களுக்கும் இதையே செய்யுங்கள். வித்தியாசம் இன்னும் அதிகம்.

அவளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பழசு. நாமும் ‘ஊமை’, ‘செவிடு’ என்றுதான் அச்சடித்துக்கொண்டிருந்தோம். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் கருணாநிதி ஆட்சியில் அரசு வழக்குக்கு வந்த பிறகுதான் எல்லோர் வாயிலும் ஏறியது.

துப்பறிவாளர் அறையில் பெண் ஒருவர்கூட இல்லை. அதைக் குறை சொல்லும் முன் அட்டையின் வலது பக்கத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸில் சேர்ந்தது 1973-ல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. 1956-ல் கடலூரில் எந்த நிலையத்துக்குள் நுழைந்தாலும் அதே ஆண்கள் அறைதான்.

படி 7: கருவிகள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். செல்போன் இல்லை, கேமரா இல்லை, டிஎன்ஏ இல்லை. டிஎன்ஏ ரேகை முறையை அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தது 1984-ல். அன்றைக்கு இருந்தவை கைரேகை, ரத்தப் பிரிவு, தோட்டாவின் தடம். இதில் கைரேகைக்கு நம் பக்கமும் பங்குண்டு. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்பு பெரிது. ஆய்வக அறிக்கைகளையும் போலீஸ் படிவங்களையும் மெக்பெய்ன் அப்படியே அச்சில் போடுவார். அவற்றைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். ஏட்டையாவுக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமரா இல்லாத அறை என்பது கதைக்கு வசதி. காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் விரிவாக உத்தரவிட்டது. அந்த வருஷத்தைத் தேதி அட்டையின் வலது ஓரத்தில் கடைசியாக எழுதிக்கொண்டு படி 4-க்கு ஒரு தடவை திரும்பிப் போங்கள்.

படி 8: பேசுவது, பிரதியை விடுவது

குழுவாகப் படிப்பதாக இருந்தால் இரண்டு கூட்டம் வையுங்கள். முதல் கூட்டத்தில் கதை மட்டும். குறித்த பக்கங்களை இரண்டாவது கூட்டத்தில் எடுங்கள். கொலையாளி யார் என்பதை முடிக்காதவர் முன்னால் சொல்ல வேண்டாம். பழைய புத்தகம்தானே என்று சொல்லிவிட்டு நான் ஒருவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

காவல் துறையில் இருந்தவரையோ, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவரையோ ஒருவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள், பக்கத்தில் உட்காரவையுங்கள். எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் நாவலைச் சட்டத்தை வைத்து அளந்தோம். எத்தனை மணிக்குச் சோறு வந்தது என்று கேட்டவர் ஏட்டையா ஒருவர்தான்.

ஓரக் குறிப்புகளை அழிக்க வேண்டாம். நூலகப் புத்தகம் என்றால் எழுதக் கூடாது, சின்னத் துண்டுச் சீட்டு வையுங்கள். சொந்தப் பிரதி என்றால் உள்ளட்டையில் படித்த மாதமும் ஊரும் எழுதி, அடுத்தவருக்குக் கொடுங்கள். எங்கள் பிரதி இப்போது திருப்பாதிரிப்புலியூரில் சட்டம் படிக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. தேதி அட்டையையும் உள்ளேயே வைத்துத்தான் கொடுத்தோம். ஏட்டையாவின் கேள்விக்குக் கீழே அவள் பென்சிலால் பதில் எழுத ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள்.